கையெழுத்து அப்புறம்

நேற்று, அக்டோபர் 2. எங்கள் மேல்மலை ஊரில் கிராம சபை. மூடுபனி விலகவே பதினொரு மணியாகிவிட்டது. வந்தவர்களில் பாதிப்பேர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பூண்டுக் காட்டுக்குக் கிளம்பினார்கள். குறை சொல்ல மாட்டேன், ஒரு நாள் வேலை போனால் போனதுதான்.

அத்தை மட்டும் பேனாவை வாங்கவில்லை. "கையெழுத்து அப்புறம். எழுதியதை முதலில் படித்துக் காட்டுங்கள் தம்பி."

படித்தார்கள். சற்றுமுன் எல்லோரும் சேர்ந்து கேட்ட குடிநீர்த் தொட்டி தீர்மானத்தில் இல்லவே இல்லை! அங்கேயே எழுத வைத்தோம். கேட்காமல் போயிருந்தால் அது காற்றோடு போயிருக்கும்.

ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தாலே நீங்கள் கிராம சபை உறுப்பினர். வெற்றிலை பாக்கு வைத்து யாரும் அழைக்க வேண்டியதில்லை. வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம். முன்பு ஆண்டுக்கு நான்கு கூட்டங்கள்தான்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்தார்கள்.

அடுத்தது நவம்பர் 1. அத்தை இப்போதே மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டார்.