அடி எடுத்துக்கொடுப்பவர் எப்போது வாயை மூட வேண்டும்

போராட்டப் பந்தலில் நல்ல குரல்வளம் உள்ள ஒருவர் மைக்கைப் பிடித்து அருமையாகப் பாடுவார். கூட்டம் கேட்கும், கைதட்டும், அத்தோடு சரி. கூட்டுப்பாட்டில் முன்னால் நிற்பவருக்கு வேலையே வேறு: அடி எடுத்துக்கொடுப்பது. நடவு வயலில் ஒரு பெண் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் குனிந்தபடியே வாங்கிப் பாடுவார்களே, அதே வேலைதான்.

முதலில் பல்லவி. ஒரே வரி, அதில் ஒரே ஒரு சொல் மாற வேண்டும். தூய்மைப் பணியாளர் போராட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

எங்க கூலி எங்கே? (எங்கே, எங்கே?)

‘கூலி’ இருந்த இடத்தில் வேலை, தண்ணி, பாதை எது வேண்டுமானாலும் வரலாம். எல்லாமே தேமா, அதாவது இரண்டே அசை. ‘ஓய்வூதியம்’ என்று போட்டுப் பாருங்கள்: மூன்று அசைத் தேமாங்கனியாக நீண்டு தாளம் உடையும், ஆளுக்கொரு இடத்தில் முடிப்பார்கள். ‘பென்சன்’ கச்சிதமாக உட்காரும். வாயில் உட்காராத சொல் எவ்வளவு நல்ல சொல்லானாலும் துண்டறிக்கைக்குப் போகட்டும்.

புதுச் சொல்லைக் கூட்டத்தின் கடைசி ‘எங்கே’ ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, அதன் மேலேயே எடுத்துக்கொடுங்கள். முடிந்தபிறகு சொன்னால் இடைவெளி விழும். அந்த இடைவெளியில்தான் பாட்டு சாகிறது.

பாட்டைக் கற்றுத்தர மூன்று சுற்று போதும். முதல் சுற்று நீங்கள் தனியாக. இரண்டாவது, எல்லாரோடும். மூன்றாவதில் பாதி வரியோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். மீதியைக் கூட்டம் தானாக முடித்தால் பாட்டு அவர்களுடையது. முடிக்காவிட்டால் வரி நீளம், வெட்டுங்கள். பாட்டை அச்சடித்துத் தாளாகக் கொடுக்கவே வேண்டாம். தலை குனிந்தால் குரலும் குனியும்.

ஒரு சொல்லை மாற்ற இடம் வைத்த பாட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் சான்று இருக்கிறது. 1945 அக்டோபரில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் சுருட்டுத் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தேவாலயத்தில் ‘நான் வெல்வேன்’ என்று பாடிய பாட்டை மறியலில் ‘நாங்கள் வெல்வோம்’ (We Shall Overcome) என்று பாடினார்கள். அங்கிருந்து அது டென்னசியில் போராளிகளுக்குப் பயிற்சி தந்த ஹைலேண்டர் பள்ளிக்குப் போனது. 1959 ஜூலையில் போலீஸ் அந்தப் பள்ளியில் சோதனை போட்டபோது விளக்கெல்லாம் அணைந்திருந்தது. இருட்டில் உட்கார்ந்திருந்த கறுப்பின இளையோர் அதே மெட்டில் ‘எங்களுக்குப் பயமில்லை’ என்ற அடியைச் சேர்த்தார்கள். அப்படிச் சேர்க்க இடம் இருந்த பாட்டு அது. 1960 ஏப்ரலில் வட கரோலினாவின் ராலி நகரில் நடந்த சமஉரிமைப் போராட்ட மாணவர் கூட்டத்தில் கை கை கோத்துப் பாடப்பட்டு, அமெரிக்காவின் தெற்கு முழுக்கப் பரவியது.

அடுத்தது சுருதி, அதாவது பாட்டுக்கு ஆதாரமான குரல் உயரம். அதைக் கட்டை எண்ணால் சொல்வார்கள். பயிற்சி பெற்ற பெண் தன் வழக்கப்படி 5 கட்டையில் எடுத்தால் கூட்டத்து ஆண்கள் மாட்டிக்கொள்வார்கள். மேலே ஏறினால் தொண்டை கட்டும், கீழே இறங்கினால் குரலே கேட்காது. மெட்டு சட்ஜமத்திலிருந்து (ச) தைவதத்துக்குள் (த) அடங்கும்படி அமைத்து, 1 கட்டையில் எடுங்கள். பெண்கள் நடு ஸ்தாயியிலும் ஆண்கள் ஒரு ஸ்தாயி, அதாவது ஏழு சுரம், கீழேயும் சிரமமில்லாமல் சேர்ந்துகொள்வார்கள். உற்சாகத்தில் சுருதி தானாக ஏறும். நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை நிறுத்திக் கீழே இறக்குவதும் உங்கள் பொறுப்பு.

ஊர்வலத்தில் பாட்டு உடைவதற்குக் காரணம் ஒலி. நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். நூறு மீட்டர் பின்னால் வருகிறவர் காதுக்கு முன்வரிசைத் தாளம் ஏறக்குறைய 0.3 நொடி தாமதமாக வரும். அவர் ‘கூலி’ சொல்லும்போது முன்வரிசை ‘எங்கே’யில் இருக்கும். முப்பது மீட்டருக்கு ஒருவரை நிறுத்தி, காதை நம்பாமல் முன்னவரின் உயர்த்திய கையைப் பார்த்துத் தாளம் போடச் சொல்லுங்கள். அதற்கும் நீளமான ஊர்வலமா? ஒவ்வொரு பகுதியும் தனித்தனிப் பாட்டுப் பாடட்டும்.

பறை இருந்தால் மகிழ்ச்சி. ஆனால் குரலுக்கு மேல் அடித்தால் சொல் முழுகிவிடும். வரிகளுக்கு நடுவே முழு அடி, வரி ஓடும்போது மெல்லிய சிம்புக்குச்சியால் லேசாகத் தொட்டால் போதும். மழை ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். தோலைத் தீயில் காய்ச்ச வைக்கோலோ காகிதமோ நனையாமல் கட்டி எடுத்துப்போக வேண்டும்.

கைது செய்து கல்யாண மண்டபத்தில் அடைத்தால் வெளியில் பாடிய வேகத்தில் பாடாதீர்கள். காலி மண்டபம் எதிரொலிக்கும், வேகமான வரி ஒன்றின்மேல் ஒன்று விழும். பாதி வேகம், ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு மூச்சு. மைக் இருக்காது, தேவையும் இல்லை. சாயங்காலம்வரை குரல் தாங்க வேண்டுமானால் அடி எடுத்துக்கொடுக்க நாலு பேராவது முறை வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவராவது இதுவரை மைக்கே பிடிக்காதவராக இருக்கட்டும்.