ஜிஆர்இ (வெளிநாட்டுல மேற்படிப்பு சேர எழுதுற தேர்வு) எழுதப்போற தம்பி, தங்கச்சிகளுக்கு

இங்கிலீஷ் வேர்ட் லிஸ்ட்டை மட்டும் உருப்போடாதீங்க. தனியா எதிர்ச்சொல் கேக்குறதை 2011லயே நிறுத்திட்டாங்க. இப்போ வாக்கியத்துல விட்ட இடத்தை நிரப்பணும். அதனால சொல்லோட அர்த்தம் மட்டும் போதாது, அதோட தொனியும் தெரியணும்.

லத்தீன்ல 'லொக்வி'ன்னா பேசுறது. அதுல இருந்து வந்ததுதான் லொக்வேஷியஸ், எலொக்வென்ட், கிராண்டிலொக்வென்ட். முதலாவது ஓயாம பேசுற ஆளு. அடுத்தது நாவன்மை, அது பாராட்டு. கடைசி, வெறும் படாடோபப் பேச்சு. இப்படி வேரைப் பிடிச்சுப் படிச்சா ஒவ்வொண்ணும் மனசுல நிக்கும், எனக்கு அவ்ளோ பிடிச்ச முறை இது.

ஆனா சத்தத்தை வச்சு மட்டும் ஊகிக்காதீங்க. எனர்வேட்னு பார்த்ததும் எனர்ஜி ஞாபகம் வரும். அர்த்தம் நேரெதிர்: தெம்பை உறிஞ்சி சோர்வாக்குறது. அகராதியில எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் கட்டாயம் படிங்க.