நாலு சக்கரம் தேடி

நவம்பர் 9

இப்போதைய வண்டிக்கு முன்சக்கர இழுவை, அதாவது எஞ்சின் முன்சக்கரங்களை மட்டும்தான் சுற்றும். எஞ்சின் கனம் முன்சக்கரங்களின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் லேசான பனியில் நன்றாகவே போகும். ஏற்றத்தில்தான் தகராறு. கனம் பின்னால் சாய்ந்ததும் முன்சக்கரம் சும்மா சுற்றும். போன குளிர்காலத்தில் இரண்டு முறை பாதி மேட்டிலிருந்து பின்னாலேயே இறங்கினேன். போதும், வேறு வண்டி பார்க்க வேண்டும்.

நவம்பர் 15

பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். வேண்டும்போது மட்டும் நாலு சக்கரத்தையும் நாமே சேர்த்துவிடுகிற வகை. லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர்) போட்டதும் கல்பாதையில் நிதானமாக, நிற்காமல் ஏறியது. இறக்கத்தில் எஞ்சினே பிடித்துக்கொள்கிறது. பிரேக்குக்கு வேலையே இல்லை. மனசு அங்கேயே விழுந்துவிட்டது.

திரும்பும்போது காய்ந்த தாரில் ஃபோர் வீலை விலக்க மறந்து வளைத்தேன். ஸ்டீயரிங் இறுகி, வண்டி விக்கி விக்கி நகர்ந்தது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இதில் முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற நடு டிஃபரென்ஷியல் கிடையாது, முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டு. பனியிலும் மண்ணிலும் டயர் வழுக்கி அந்த முறுக்கைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் அதற்கு வழியில்லை. நான் தினமும் போகிற சாலையோ குளிர்காலத்தில் நூறு மீட்டர் பனி, அடுத்த நூறு மீட்டர் காய்ந்த தார்!

நவம்பர் 22

இன்று ஆல் வீல் டிரைவ். முன்சக்கரம் வழுக்கினால் கிளட்ச் தானே பின்சக்கரத்தையும் சேர்த்துக்கொள்ளும் வகை. நான் மறப்பதற்கு இதில் எதுவும் இல்லை. ஆழமான மணலில் நெடுநேரம் திணறினால் கிளட்ச் சூடேறிக் கையை விரித்துவிடுமாம். லோ ரேஞ்சும் இல்லை.

நவம்பர் 30

முதல் பனி. அதே ஆல் வீல் டிரைவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கிளம்பும்போது ராஜா. பிரேக் போட்டால், என் பழைய வண்டி நிற்கிற இடத்தைத் தாண்டி வழுக்கிக்கொண்டே போகிறது. இறங்கிப் பார்த்தால் கோடை டயர். 7 டிகிரிக்குக் கீழே அந்த ரப்பர் விறைத்துவிடும். என் பழையதில் இருப்பது மலைக்குள் பனித்துகள் முத்திரை போட்ட குளிர்கால டயர். எத்தனை சக்கரம் இழுத்தால் என்ன, நிறுத்துவதற்கு எல்லா வண்டியிலும் அதே நாலுதான்.

டிசம்பர் 4

கணக்குப் போட்டேன். போன வருடம் கல்பாதையில் ஓட்டியது மொத்தம் மூன்று நாள். சரி, ஆல் வீல் டிரைவ், கூடவே நாலு குளிர்கால டயர். அந்த மூன்று நாளைக்கு நண்பனின் ஜீப்பில் தொற்றிக்கொள்ளலாம். அவனிடம் இன்னும் கேட்கவில்லை.