ஒரு போனுக்குள் எத்தனை நாடுகள்

பொருளாதாரத்தில் விவசாயம், சுரங்கம் ஒரு துறை, ஆலைகள் இன்னொன்று, சேவைகள் மூன்றாவது என்று பாடப்புத்தகம் கோடு கிழித்துவிடும். ஆனால் ஒரு ஸ்மார்ட்போனைப் பிரித்துப் பார்த்தால் அந்தக் கோடெல்லாம் காணாமல் போகும். பேட்டரிக்கான கோபால்ட் என்ற உலோகத்தில் பெரும்பங்கு காங்கோ ஜனநாயகக் குடியரசின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. சுத்திகரிப்பது பெரும்பாலும் சீனா. உயர்ரக சிப் தைவானில் தயாராகிறது. அந்தச் சிப்பில் நுண்கோடுகள் பதிக்கும் இயூவி (அதிதீவிரப் புற ஊதா ஒளி) இயந்திரத்தை உலகிலேயே நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் மட்டும்தான் செய்கிறது. அதற்குள் இருக்கும் கண்ணாடிகள் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் கொடுப்பவை. அப்புறம் மென்பொருள், காப்பீடு, கப்பல். 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற ஒரே கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே நின்றதற்கே நூற்றுக்கணக்கான கப்பல்கள் தேங்கின.

எல்லாரும் எல்லாரையும் சார்ந்திருக்கிறோம் என்பது சரி. ஆனால் சரிசமமாக இல்லை. லாபத்தின் கொழுத்த பங்கு வடிவமைப்புக்கும் பிராண்டுக்கும் போகிறது, மண்ணைத் தோண்டுகிறவருக்கு மிச்சம்தான். விலை அடிமட்டத்துக்குச் சரிந்ததால் 2025 பிப்ரவரியில் காங்கோ கோபால்ட் ஏற்றுமதியையே நிறுத்தி வைத்தது. விலை ஏறியது. எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.