பட்டாலையில் படிக்கும் காதல் கதைகள்

எளிய காதல் சிறுகதைகளை இலக்கியத்தில் ஒரு படி கீழே வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நான்கைந்து பக்கங்களுக்குள் இருவரை அறிமுகப்படுத்தி, அவர்களுக்குள் ஒரு சிறு பிணக்கை மூட்டி, படிப்பவர் முகத்தில் புன்னகை மலரும் இடத்தில் கதையை நிறுத்துவதற்கு, பெருந்துயரத்தை எழுதுவதற்கு வேண்டிய அதே கைத்திறன் வேண்டும்.

காரைக்குடியில் எங்கள் வீட்டுக்குள் திண்ணைபோல உயர்த்திக் கட்டிய பட்டாலையில் மதிய உணவுக்குப் பின் சாய்ந்துகொண்டு, அப்பத்தா வார இதழ்களிலிருந்து கத்தரித்து நூலால் தைத்து வைத்திருக்கும் தொகுப்புகளைப் படிப்பது எனக்கு மிகவும் பிடித்தமான பொழுது. நகரத்தார் குடும்பத்தில் பிறந்த எஸ்.ஏ.பி. அண்ணாமலை 1947-இல் தொடங்கிய குமுதத்தின் பக்கங்களே அவற்றில் மிகுதி.

அவற்றுள் ஒரு கதையில், பேருந்தில் நாள்தோறும் ஒரே சன்னலோர இருக்கைக்காகப் போட்டியிடும் இருவர் வருகிறார்கள். ஒரு மழை நாளில் அவள் வராதபோது, இருக்கை காலியாக இருந்தும் அவன் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே ஊர் போய்ச் சேர்கிறான். அவன் மனத்தில் இருப்பதை எழுதியவர் ஒரு வரியிலும் விளக்கவில்லை. அந்தப் பத்தியின் ஓரத்தில் அப்பத்தா பென்சிலால் கோடிட்டிருக்கிறார்; அந்த ரசனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

கைப்பேசியிலும் இத்தகைய கதைகளைத் தேடிப் படிக்கிறேன். ஆனால், பெண்ணை அதட்டி அடக்குவதையே காதலாகக் காட்டும் கதைகளை முதல் பக்கத்திலேயே மூடிவிடுகிறேன். அவற்றில் எனக்கு இன்பமில்லை.