எங்கள் மைதானமும் ஒரு ஃபெல்லோஷிப்பும்

முதல் முறை விண்ணப்பித்தபோது மூன்றே வரியில் பதில் வந்தது. இந்த முறை உங்களுக்கு இடம் இல்லை என்று.

இடம் சார்ந்த நிலைத்தன்மைக் கல்வியில் பள்ளி ஆசிரியர்களுக்கான ஓராண்டு ஃபெல்லோஷிப் அது. பள்ளி இருக்கிற இடத்தின் மண்ணையும் தண்ணீரையும் மரங்களையும் அங்கே வாழும் மனிதர்களையும் பாடமாக்கிச் சூழல் கற்பிப்பதற்கானது. வேலையை விட வேண்டியதில்லை. விடுமுறையில் ஒரு வாரம் முகாம், மாதம் ஒரு இணையச் சந்திப்பு, ஒரு வழிகாட்டி, பள்ளியில் செய்யும் திட்டத்துக்குச் சிறு தொகை, கடைசியில் ஓர் அறிக்கை.

அந்த முதல் விண்ணப்பத்தை இப்போது எடுத்துப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. சூழல் கல்விக்காக 1977-இல் நடந்த திபிலீசி மாநாட்டில் தொடங்கி, நீடித்த வளர்ச்சி பற்றிய 1987 பிரண்ட்லாண்ட் அறிக்கையைத் தொட்டு, 2005 முதல் 2014 வரையிலான ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சிக்கான கல்விப் பத்தாண்டைக் கடந்து, ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் இந்தக் கல்வியைப் பற்றிப் பேசும் 4.7-இல் கொண்டுபோய் முடித்திருந்தேன். தகவலில் பிழையில்லை. ஆனால் என் பள்ளி அதில் ஓர் இடத்தில்கூட வரவில்லை. வெட்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, எங்கே குறை என்று கேட்டு எழுதினேன். “உங்கள் பள்ளியை எங்களால் பார்க்க முடியவில்லை” என்று பதில் வந்தது. ஒரே வரிதான், ஆனால் அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

அந்த வருடம் ஒரு மழைக்குப் பிறகு ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “சார், மைதானத்துல மட்டும் ஏன் ரெண்டு நாளா தண்ணி நிக்குது? மரத்தடியில இல்லையே?” தாழ்வான இடம் என்று சொல்லி வைத்தேன். சொன்ன பிறகுதான் உறுத்தியது. இரண்டும் ஒரே மட்டம்தான்.

சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று இரண்டு பழைய தகர டப்பாக்களின் மூடியையும் அடியையும் வெட்டி எடுத்தோம். மைதானத்தில் ஒன்று, மரத்தடியில் ஒன்று. பாதி உயரம் மண்ணுக்குள் இறங்கும்படி, மேலே பலகை வைத்துத் தட்டினோம். இரண்டிலும் அரை லிட்டர் தண்ணீர். மரத்தடி டப்பா நான்கு நிமிடத்தில் காலி. மைதான டப்பாவில் பாடவேளை முடிந்த பிறகும் விரல் நுனி அளவு தண்ணீர் நின்றது. டப்பாவுக்கு அடியில் கல் இருக்கும் என்று ஒருவன் சண்டைக்கு வந்தான். வேறு மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தோம், அதே கதைதான். வருடக்கணக்காக ஓடியாடி மிதித்த மண் இறுகிப்போய், தண்ணீர் இறங்கத் துளையே இல்லாமல் கிடந்தது. மரத்தடியில் வேரும் சருகும் புழுவும் மண்ணைப் பொலபொலவென்று வைத்திருந்தன.

இரண்டாம் விண்ணப்பத்தின் முதல் பத்தி இந்த டப்பாக் கதைதான். மாநாடு ஒன்றும் வரவில்லை.

தலைமை ஆசிரியரிடம் ஒப்புதல் கடிதம் வாங்குவதுதான் பெரும்பாடு. “போர்ஷன் முடியுமா?” என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. பேசிப் பயனில்லை என்று தெரிந்து, எந்த வேலை எந்தப் பாடத்தில் வரும் என்று ஒரு பக்க அட்டவணை போட்டுக் கொண்டுபோனேன். மண் அறிவியலில், பரப்பளவும் சராசரியும் கணக்கில், பெரியவர்களிடம் பழைய மழைக்காலங்களைக் கேட்டு எழுதுவது மொழிப்பாடத்தில். கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டும் போட்டிருந்தேன்: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். பிள்ளைகள் அளந்த பள்ளிக் கூரை 420 சதுர மீட்டர். 15 மில்லிமீட்டர் மழைக்கு 6,300 லிட்டர். அவர் அந்த எண்ணை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

செலவுப் பட்டியலில் முதல் முறை புரொஜெக்டர் கேட்டிருந்தேன். இந்த முறை அளவு நாடா, மழைமானி, நோட்டுகள், அவ்வளவுதான்.

நேர்காணல் இருபது நிமிடம். எதிரே மூன்று பேர். பத்து வயதுப் பிள்ளைக்குப் பருவநிலை மாற்றத்தை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார்கள். அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபெல் 1990-களிலிருந்தே சொல்லிவருவது அப்போது கைகொடுத்தது. சிறு பிள்ளைகளிடம் அழிவுக் கதைகளைச் சொல்லிப் பயமுறுத்துவதற்கு முன்னால், பக்கத்தில் இருக்கிற இயற்கையோடு அவர்களைப் பழகவிட வேண்டும் என்பார் அவர். என் பிள்ளைகள் இப்போதைக்கு எறும்புப் புற்றுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். ஒருவர் சிரித்தார். அடுத்த கேள்விதான் திணறடித்தது: நீங்கள் வேறு பள்ளிக்குப் போய்விட்டால்? அதை நான் யோசித்ததே இல்லை. மழைக் குறிப்பேட்டை ஏழாம் வகுப்பு அடுத்து வரும் வகுப்பிடம் ஒப்படைக்கும் என்று அந்த நொடியில் தோன்றியதைச் சொன்னேன். அப்புறம் அதையே நடைமுறையாக்கவும் வேண்டியதாயிற்று.

முகாமின் முதல் நாள் ஆளுக்கோர் இடத்தில் அரை மணி நேரம் பேசாமல் உட்காரச் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் கை தானாகக் கைப்பேசியைத் தேடியது. அதையும் வாங்கி வைத்திருந்தார்கள்! இருபதாவது நிமிடத்தில்தான் காலடியில் ஒரு மண்புழுக் குவியல் கண்ணில் பட்டது. அதுவரை அதன் பக்கத்திலேயேதான் கால் நீட்டியிருந்தேன். இப்போது வாரம் ஒரு முறை வகுப்பில் இதைச் செய்கிறோம், பத்தே நிமிடம்.

மாதச் சந்திப்புகளில் பாதி தூக்கம், பாதி பயன். ஆனால் அறிக்கையில் நன்றாக மாட்டிக்கொண்டேன். ஆண்டு முடிவில் பிள்ளைகளிடம் என்ன மாற்றம் என்று கேட்கிறார்கள், தொடக்கத்தில் அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்று நான் எழுதி வைக்கவே இல்லை. பழைய தேர்வுத்தாள்களைக் கிளறி ஒப்பேற்றினேன். விண்ணப்பிக்கப் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஐந்து கேள்விகள் கொடுத்துப் பிள்ளைகளின் பதில்களைப் பத்திரப்படுத்திவிடுங்கள். மழை நீர் எங்கே போகிறது என்று ஒரு படம் வரையச் சொன்னால்கூடப் போதும்.

அறிக்கை போய்ச் சேர்ந்தது, ஃபெல்லோஷிப் முடிந்தது. மைதானத்தின் ஓரத்தில் மூன்றடி அகலத்துக்கு மண்ணைக் கிளறிச் சருகு போட வேண்டும் என்று பிள்ளைகள் மனு எழுதியிருக்கிறார்கள். ஓட்டப்பாதை குறுகிவிடும் என்று விளையாட்டு ஆசிரியர் மறுக்கிறார். இரண்டடிக்கு அவர் இறங்கி வருவார் போலத் தெரிகிறது. பிள்ளைகள் மூன்றிலிருந்து இறங்குவதாக இல்லை.