ஒரே வெள்ளம், மாடிக்கு ஒரு விதம்

அடுக்குமாடியைத் தண்ணீர் சூழ்ந்ததும் மேல் வீட்டார் முதலில் யோசிக்க வேண்டியது ஃப்ளஷ் பற்றித்தான். தெருவில் பாதாளச் சாக்கடை நிரம்பிவிட்டால், மூன்றாம் மாடியில் ஊற்றும் ஒவ்வொரு வாளியும் போக வழியில்லாமல் தரைத்தள வீட்டுக் கழிவறையில் பொங்கும். மேலே இருப்பவருக்குக் கரன்ட் இல்லை, பால் இல்லை. கீழே இருப்பவருக்குப் படுக்கையறைக்குள் சாக்கடை. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய சென்னையின் வேளச்சேரி, முடிச்சூர்க்காரர்களுக்கு இது தெரியும்.

தண்ணீர் வடியும்வரை மேல் வீடுகளில் துணி துவைக்க வேண்டாம், குளிக்க வேண்டாம். ஃப்ளஷ் டேங்கைத் தொடாமல் குவளையில் அளந்து ஊற்றுங்கள். கீழ் வீட்டில் மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பையைக் கழிவறைக் குழிக்குள் அழுத்தி வையுங்கள், பாத்ரூம் ஜாலி மேல் இன்னொன்று. அப்புறம் முக்கியமானது: உங்கள் கழிவறைக்குக் கீழ் வீட்டாரை நீங்களே கூப்பிட வேண்டும். வாய்விட்டுக் கேட்கக் கூசுவார்கள். பெண்கள் பலர் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள்.

"ஏதாவது வேணுமா?" என்று கேட்டால் "ஒண்ணும் வேணாம்பா" என்றுதான் பதில் வரும். "மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கும்மா? நாப்கின் இருக்கா? போன்ல சார்ஜ் எவ்வளவு?" என்று கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர் இருந்தால், மருந்தை மூடிய டப்பாவில் போட்டு, ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் நிழலில் வைக்கச் சொல்லுங்கள். பிரித்த குப்பி ஃப்ரிட்ஜ் இல்லாமலேயே சுமார் நான்கு வாரம் தாங்கும், வெயில் மட்டும் படக்கூடாது. ஐஸ்கட்டிமேல் வைத்து உறையவிட்டால் மருந்து கெட்டுவிடும்.

வீட்டுவேலைக்கு வரும் அக்கா, சென்னையின் தென்கோடியில் அரசு கட்டிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகளான பெரும்பாக்கத்திலோ செம்மஞ்சேரியிலோ இருக்கலாம். பெரும்பாக்கம் அடுக்குமாடிகளில் கரன்ட் இல்லையென்றால் லிஃப்ட் ஓடாது, குடிதண்ணீரைக் குடத்தில் மாடிக்குச் சுமக்க வேண்டும். "எப்ப வர்றீங்க?" என்று போன் போடாதீர்கள். "வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்க மாட்டேன், முதல்ல வீட்டைப் பாருங்க" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்.

தண்ணீர் வடிந்தபின் உதவப் போகிறவர்கள் ஆர்வத்தில் செய்யும் தவறு, ஊறியதையெல்லாம் தெருவில் வாரிப் போடுவது. வீட்டுக்காரரைக் கேட்காமல் ஒரு தாளைக்கூட எறியாதீர்கள். இன்ஷூரன்ஸ் இருந்தால் எல்லாவற்றையும் முதலில் படம் எடுக்க வேண்டும். நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. என்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் அதிலுள்ள கனெக்டிங் ராடு வளைந்து, சர்வீஸோடு முடிய வேண்டியது என்ஜின் செலவாகிவிடும். பத்திரம், சான்றிதழ்களில் ஒட்டிய பக்கங்களைப் பிய்க்காமல், இடையில் வெள்ளைத்தாள் செருகி, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள்.

கல்யாண ஆல்பம் அப்படியே காய்ந்தால் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போகும். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிரித்து, சுத்தமான குளிர்ந்த நீரில் மெல்ல அலசி, படம் மேலே தெரியும்படி பரப்ப வேண்டும். வீடு கழுவவே நேரமில்லாதவர்களுக்கு அது முடியாது. பிளாஸ்டிக் பையில் போட்டு உறைய வைத்தால் பிறகு நிதானமாகப் பிரிக்கலாம். அவர்கள் ஃப்ரிட்ஜ் போயிருக்கும்; கரன்ட் வந்ததும் உங்கள் ஃப்ரீசரில் அதற்கு இடம் ஒதுக்குங்கள்.